ஆணியில் தொங்கிய கேபிள்

சேந்தமங்கலம் சாலையில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறையில், மெக்கானிக் போன வாரம் என் மோட்டார் சைக்கிளிலிருந்து அறுந்துபோன க்ளட்ச் கேபிளை உருவி எடுத்தார். கறுப்பு உறை அங்கங்கே வெடித்திருந்தது. ஒரு முனையில் கம்பி இழைகள் துடைப்பம்போல விரிந்து கிடந்தன. அறுந்ததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை, எல்லாக் கேபிளும் ஒரு நாள் அறுந்துதான் போகும். நட்ட நடுவில் ஒரு மடிப்பு இருந்ததே, அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. வண்டியில் மாட்டும்போது கேபிளை வளைப்பார்கள், யாரும் மடிக்க மாட்டார்கள். இதுவோ கயிற்றை இரண்டாக மடித்து இறுக்கிப் பிடித்ததுபோன்ற மடிப்பு. "இந்த மடிப்போட இத்தன வருசம் எப்படீங்க ஓட்டுனீங்க? க்ளட்ச் கல்லு மாதிரி இருந்திருக்குமே" என்றார். கல் மாதிரிதான் இருந்தது. அதை அழுத்தி அழுத்தி உன் இடது கை மட்டும் மண்வெட்டி பிடித்த கை மாதிரி ஆகிவிட்டது என்று தீவன ஆலையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தேன்.

வண்டி என் அண்ணியுடையது. மேச்சேரியிலிருந்து அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பா சீராகக் கொடுத்தது. கேபிளில் இருந்த மடிப்பு என் அண்ணனுடையது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது விளங்கும்.

அண்ணன் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய் மாதக்கணக்கில் அங்கேயே பூமியைக் குடைந்துகொண்டிருக்கும். அங்கே மழை பிடித்துவிட்டால் சேற்றில் வண்டி இறங்காது. ஓரம் கட்டிவிட்டு ஆட்கள் எல்லாரும் ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். அதனால் ஊரே மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டில் ஒருத்தி மழை வரக்கூடாது என்று டிவி முன்னால் நின்றுகொண்டிருப்பாள். செய்தியில் வானிலை வந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அண்ணி ஓடி வருவாள். சேலத்து மழையோ நாமக்கல் மழையோ அவளுக்குப் பொருட்டே இல்லை. வட மாநிலங்களில் பருவமழை தொடங்கியது என்று வாசித்ததும் சத்தமில்லாமல் திரும்பிப் போய், நல்ல ஜாக்கெட்டுகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைப்பாள். வெளியே எடுத்து வைப்பது பழைய, கரும்பச்சை, கரு நீல ஜாக்கெட்டுகள். அது ஏன் என்று முதல் வருசம் எனக்குத் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்கென்று ஏதாவது வாங்கி வருவான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, சாமி என்றுதான் கூப்பிடுவான். அந்த வாயால் அண்ணியைக் கூப்பிட்ட சொற்களை நான் இங்கே எழுத முடியாது. ஒரே ஆளுக்குள் இப்படி இரண்டு பேர் இருக்க முடியுமா என்று அப்போது குழம்பினேன். இப்போது குழப்பம் இல்லை. இருந்தது ஒருவன்தான். யாரிடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் நடமாட்டமில்லாத காட்டில் ஒரு சின்ன போல்ட் உடைந்தாலும் வேலை மொத்தமும் நின்றுபோகும், ஆகவே எதற்கும் மாற்று ஒன்று கையிலேயே வைத்திருப்பார்கள். வீட்டிலும் அண்ணன் அதே முறையைத்தான் வைத்திருந்தான். கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணி அடித்து, மோட்டாருக்கு ஒரு பெல்ட், சைக்கிளுக்கு ஒரு ட்யூப், கிணற்றுக்கு ஒரு கயிறு என்று தொங்கவிட்டிருப்பான். எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கும். யாராவது இடம் மாற்றி மாட்டினால் அவனுக்குத் தாங்காது. "எல்லாத்துக்கும் ஒரு ஸ்பேர் வெச்சிருக்கோணும்" என்பான். குடித்திருந்தால், "பொண்டாட்டிக்குந்தான்" என்று சேர்த்துக்கொள்வான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். அம்மாவும் சிரிப்பாள். அண்ணி சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

அவன் வடக்கே இருந்த ஒரு வருசத்தில் அண்ணி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். எங்கள் வீடு தோட்டத்தில் இருந்தது. பால் சொசைட்டி ஊருக்குள். கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போவதற்குள் சொசைட்டியில் அளவை முடிந்துவிடும். சும்மா நிற்கிற வண்டியை எடுத்தால் என்ன என்று ஒரு நாள் களத்து மேட்டில் தள்ளிக்கொண்டு போனாள். விழுந்தாள், முழங்கை தேய்ந்தது, திரும்ப எடுத்தாள். அந்த வாரத்திலேயே கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டாள். கல்லூரி இல்லாத நாட்களில் நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு போவேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கியர் மாற்றும்போது ஊர்க் கிழவர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது அவ்வளவு சந்தோசமாக இருந்தது. அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த வண்டிமேல்தான்.

அடுத்த மழைக்கு அண்ணன் வந்து வண்டியைத் தொட்டதும் கண்டுபிடித்துவிட்டான். லிவருக்குப் பக்கத்தில் கேபிளின் இழைகள் சில பிரிந்து நின்றன. நிறுத்தி வைத்த வண்டியில் கேபிள் எப்படித் தேயும் என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கடைக்குப் போய், புதுக் கேபிள் ஒன்று வாங்கி வந்தான். வாசலில் உட்கார்ந்து அதன் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, உறைக்குள் எண்ணெய் விட்டு, வெளியேயும் கிரீஸ் தடவி, கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தான். வண்டியில் மாட்டவில்லை. பழசு அறுகிறவரை ஓடட்டும், அதுதானே ரிக்காரர்களின் கணக்கு. புதுசை ஆணியில் தொங்கவிட்டான். பொழுது இறங்கியதும் ஆணியிலிருந்து எடுத்தான்.

க்ளட்ச் கேபிளின் இரண்டு முனையிலும் ஈயக் குண்டுகள் இருக்கும். ஒன்று கைப்பிடி லிவரில் உட்காரும், மற்றது எஞ்சின் பக்கம் ஒரு கொக்கியில் மாட்டும். கேபிளை நடுவில் மடித்து மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டால் இரண்டு முனைகளும் சேர்ந்தாற்போல வந்து விழும். ஒரு வீச்சுக்கு இரண்டு அடி. சாட்டையைப் போலச் சத்தம் வராது. காற்றில் ஒரு சீறல், பிறகு ஈரத் துணியைக் கல்லில் போட்டதுபோல ஒரு சத்தம். நான் உள்ளே ஓடினேன். அண்ணன் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை இரண்டு கையாலும் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கி வெளியே விட்டு, "நீ போயிப் படி சாமி" என்று சொல்லிக் கதவைத் தாழிட்டான். வெளியே அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

மறுநாள் அண்ணியின் முதுகைப் பார்த்தேன். கோடுகள், கோட்டின் முடிவில் வட்டமாக ஒரு கன்றல், மறுபடி கோடு, மறுபடி வட்டம். ஜாக்கெட்டில் ரத்தம் கொஞ்சமாகவும் கிரீஸ் நிறையவும் இருந்தது. ரத்தக் கறை தண்ணீரில் போய்விடும், கிரீஸ்தான் போகாது என்று சொல்லிக்கொண்டே அவள் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாள். எதற்காகக் கரும்பச்சை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முந்தைய வருசங்களில் அவன் கையில் வேறு எது எது இருந்ததோ, நான் கேட்கவில்லை. மேச்சேரிக்கே போய்விடலாமே என்று மட்டும் கேட்டேன். "எங்கப்பனுக்கு இன்னும் ஒரு பொண்ணு கட்டிக்குடுக்க இருக்குது கண்ணு" என்றாள். அந்த மழைக்காலம் முழுக்க கேபிள் ஆணியிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பகலில் அது ஒரு வண்டிச் சாமான். அந்தப் பக்கம் போகும்போது நாங்கள் இருவரும் சுவரை ஒட்டிப் போவோம்.

அதற்கடுத்த வருசம் ஆடி முதல் தேதி, அண்ணன் மழைக்கு வந்திருந்தான். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பண்டிகை, நோன்பி என்போம், தேங்காய் சுடுவோம். ஓட்டை வழவழவென்று தேய்த்து, கண்ணைத் துளைத்து, வெல்லமும் பாசிப்பயறும் எள்ளும் நிரப்பிக் குச்சியில் செருகி நெருப்பில் காட்டுவோம். அண்ணி காலையிலேயே எல்லாத் தேங்காயையும் நிரப்பி வரிசையாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டாள். மத்தியானம் சொசைட்டியில் பால் அளக்கிறவர் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, அண்ணனிடம், உங்கள் வீட்டுக்காரி இதை ஓட்டுகிற லாவகத்துக்கு ஆண்பிள்ளை தோற்றான் போங்கள் என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனார். பாவம் மனிதர், பாராட்டித்தான் சொன்னார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் கதவுக்குப் பின்னால் கையை விட்டான்.

அன்று அவன் கதவைத் தாழிடக்கூட இல்லை. முதல் வீச்சிலேயே ஒரு குண்டு அவள் காதுக்குப் பின்னால் விழுந்தது. நான் அவன் கையில் தொங்கினேன். உதறினான், அம்மியின் மேல் போய் விழுந்தேன். அண்ணி எப்போதும் முதுகைத்தான் கொடுப்பாள், முகத்தை மூடிக்கொள்வாள். அன்று திரும்பி அவனைப் பார்த்தாள். அது அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது. கழுத்து, மார்பு, கை என்று பார்க்காமல் விளாசினான். கையால் தடுத்தபோது அவள் மணிக்கட்டில் ஏதோ நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. வெளியே அவன் கூட்டாளி வந்து ஹாரன் அடித்தான், கறி விருந்துக்குக் கூப்பிட. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு கேபிளை ஆணியில் மாட்டினான். சட்டையை மாற்றினான். "பொழுதோட வந்து மிச்சத்தப் பாத்துக்கறேன். இன்னிக்கு உனக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கூட்டாளியின் வண்டியில் ஏறிப் போனான். அது சும்மா சொன்ன சொல் இல்லை என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

அண்ணி எழுந்தாள். காதிலிருந்து இறங்கிய ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். ஆணியிலிருந்து கேபிளை எடுத்து ஜவுளிக்கடைப் பை ஒன்றில் சுருட்டிப் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "வாயில சொன்னா நம்ப மாட்டாங்க. எதுல அடிச்சான்னு கேப்பாங்க" என்றாள். மகளிர் காவல் நிலையம் நாமக்கல் டவுனில் இருந்தது. வண்டிச் சாவியை அவளே எடுத்தாள். அம்மா குறுக்கே வந்து நின்று, குடும்ப மானம், நோன்பி நாள், சுடாத தேங்காய் என்று என்னென்னவோ சொன்னாள். அண்ணி வண்டியை உதைத்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அண்ணனின் பணத்தில் படிக்கிறவள் அண்ணனைக் காட்டிக்கொடுக்கப் போகிறாயா என்று அம்மா என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். நாங்கள் தோட்டத்துப் பாதை முனையைத் திரும்பும்போதே அம்மா போனைக் காதில் வைத்துவிட்டாள்.

பாதி வழியில் ஒரு ஜவ்வரிசி ஆலை உண்டு. அதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. அண்ணி வேகத்தைக் குறைக்கக் க்ளட்சைப் பிடித்தாள், டப்பென்று ஒரு சத்தம், லிவர் அவள் கைக்குள் தொளதொளவென்று ஆடியது. வண்டி துள்ளி நின்றுவிட்டது. போன வருசமே இழை பிரிந்திருந்த பழைய கேபிள், அறுந்துபோவதற்கு அந்த நேரத்தைத்தான் பார்த்து வைத்திருந்திருக்கிறது. கேபிள் இல்லாமலும் கியரில் போட்டுத் தள்ளி ஓட்டலாம் என்று ஆண்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதையும் செய்து பார்த்தோம். வண்டி ஒரு எம்பு எம்பி எங்கள் இருவரையும் தாரில் தள்ளி எங்கள் மேலேயே சாய்ந்தது. ஆலைக்கு எதிரில் டீக்கடையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நோன்பி நாள் என்பதால் பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அண்ணி பையைப் பார்த்தாள்.

அவள் அந்தக் கேபிளைக் கையில் எடுத்த நொடியை நான் மறக்க மாட்டேன். அதுவரைக்கும் அவள் உடம்பைத் தவிர வேறு எதன்மேலும் அது பட்டதில்லை. நடுவில் மடிப்பு விழுந்து உள்ளே கம்பி சிக்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் வைத்து நிமிர்த்தினாள். ஒரு கை மணிக்கட்டு வீங்கிவிட்டதால் பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு மறு முனையை இழுத்தாள். வண்டியின் பக்கத்து மூடியைத் திறந்து டூல்ஸ் பையை எடுத்து, எதெது வேண்டுமென்று அவள் சொல்லச் சொல்ல நான் கொடுத்தேன். லிவரில் மாட்டிக்கொண்டிருந்த பழைய குண்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தள்ளினாள், அது தெறித்துச் சாலையோர முள்ளுக்குள் போய் விழுந்தது. பழைய கேபிளை உருவுவதற்கு முன் அது போன வழியை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். புதுசை அதே வழியில், டேங்குக்கு அடியில், ஹேண்டிலைத் திருப்பினால் இழுக்காதபடி விட்டாள். எஞ்சின் பக்கத்துக் கொக்கியில் சின்னக் குண்டை மாட்டினாள். இனி மேல் முனையை லிவரில் உட்கார வைத்து நட்டைத் திருகினால் முடிந்தது. அவன் எண்ணெயும் கிரீசும் போட்டுக் காத்து வைத்த சாமானை அவள் அண்டை வீட்டுக் குழந்தைக்குத் தலை பின்னுவதுபோல நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணன் வந்தான். கூட்டாளியின் வண்டியை அவனே ஓட்டி வந்திருந்தான். ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே சாய்த்துவிட்டு இறங்கி, குனிந்திருந்தவளின் கொண்டையைப் பிடித்து அவள் நெற்றியைப் பெட்ரோல் டேங்கில் மோதினான். ஒரு தடவை இல்லை. டேங்க் நசுங்கியது. அந்த நசுங்கல் இன்றும் அதில் இருக்கிறது. கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தான். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். புருசன் பொண்டாட்டி விசயத்தில் நாம் என்ன செய்வது என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அண்ணன் அவள் கழுத்தில் காலை வைத்தான். அவள் கால்கள் மண்ணில் உதைத்துக்கொண்டன.

என் கையில் பிளக் ஸ்பானர் இருந்தது, கனமான இரும்புக் குழாய். அவள் கழுத்தில் இல்லாத, தரையில் ஊன்றியிருந்த காலில், முழங்காலுக்குப் பக்கவாட்டில், என் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவன் விழுந்தான். விழுந்தபிறகும் அதே இடத்தில் இன்னொன்று வைத்தேன். முதல் அடி அவளைக் காப்பாற்ற. இரண்டாவது எனக்காக. இதில் எனக்கு வருத்தமில்லை. யாராவது வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. அவன் கத்தவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தான். அடிபட்ட வலியைவிட அடித்த ஆளைப் பார்த்ததுதான் அவனுக்கு ஆகவில்லை.

"சாமி, நீயா?" என்றான்.

நான் ஸ்பானரை இறக்கவில்லை. அண்ணி இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கண்ணை ரத்தம் மூடியிருந்தது. நாம் ஓடிவிடலாம் என்று நான் இழுத்தேன், அவள் என் கையை விலக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். ஈயக் குண்டை லிவரின் குழியில் உட்கார வைத்தாள். நட்டைத் திருகினாள். அதிகம் இறுகிவிட்டதென்று ஒரு சுற்று தளர்த்தினாள். "புடிச்சுப் பாரு கண்ணு" என்றாள். நான் ஒரு கையில் ஸ்பானரை ஓங்கியபடி மறு கையால் லிவரைப் பிடித்தேன். கல் மாதிரி இருந்தது, ஆனால் பிடித்தது. அறுந்த பழைய கேபிளைச் சாலையில் போட மனமில்லாமல் பையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். அண்ணன் மண்ணில் கையூன்றி எழப் பார்த்து முடியாமல் கிடக்க, நாங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனோம்.

காவல் நிலையத்தில் அவள் கேட்டுக்கொள்ளாமலேயே நாற்காலி போட்டார்கள், அவள் கோலம் அப்படி இருந்தது. எதில் அடித்தான் என்று கேட்டார்கள். வண்டியில் இருக்கிறதென்று அண்ணி சொன்னாள். மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, பையைத் திறந்து பார்த்த பெண் காவலர் அதில் ஒரு கேபிள் இருக்கக் கண்டு அதையே உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார். அது இல்லை என்று சொல்வதற்குள் அண்ணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். அண்ணன் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து சேர்ந்தான். காலை எதில் ஒடித்துக்கொண்டாய் என்று கேட்ட டாக்டரிடமும், பிறகு போலீசிடமும், வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றே சொன்னான். என் பேரை அவன் கடைசிவரை எங்கும் சொல்லவில்லை. அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டு போனது. அண்ணி மேச்சேரியில் அப்பா வீட்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த வண்டியிலேயே வந்து கோர்ட் வாசலில் நிறுத்துவாள். அவளுடைய மேச்சேரி ஆடுகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு விடியற்காலை கிளம்பி வருவாள். அண்ணன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவியைத் தொட்டதே இல்லை என்று சாதித்தான். அவன் அதை எவ்வளவு உறுதியாகச் சொன்னான் என்றால், பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. சாட்சியாக நான் சொன்னதை, அண்ணனிடம் சொத்துக் கேட்டுப் பகையானவள் என்று தட்டிவிட்டார்கள். டீக்கடையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவன் தப்பித்துவிடுவான், ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மேச்சேரிக்குப் போவான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அண்ணியும் பயந்தாள்.

ஒரு நாள் நீதிபதி, அரக்கு உடைத்த உறையிலிருந்து கேபிளை எடுத்துக் காட்டி, இதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று அண்ணனைக் கேட்டார். இல்லை என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஊன்றுகோலோடு நின்ற அவன் கண் அந்தக் கேபிளில் விழுந்தது. சாமானில் ஒரு குற்றம் என்றால் அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. முகம் சுளித்தான். வக்கீல் தடுப்பதற்குள் வாயைத் திறந்துவிட்டான்.

"இதுல அடிக்கலீங்க. இது அந்துபோன பழசுங்க, ஒரு பக்கம் குண்டே இல்ல பாருங்க. குண்டு இல்லாததுல எவனாச்சும் அடிப்பானுங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் குண்டு இருப்பது எங்கே என்று சாவகாசமாகக் கேட்டார். அண்ணன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து நின்றாள். "வெளிய நிக்கிற வண்டியில இருக்குதுங்க. அதப் புடிச்சுத்தானுங்க வந்தேன்" என்றாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வட்ட வட்டமான காயங்கள் என்று எழுதியிருந்ததை அப்போது வாசித்தார்கள். ஆள் அனுப்பி வண்டியில் இருந்த கேபிளைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதை வண்டியிலேயே விட்டுவிட்டார்கள். அண்ணன் சில காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அதன்பிறகு ரிக் வேலைக்கு அந்தக் கால் உதவவில்லை. அம்மாவோடு தோட்டத்தில்தான் இருக்கிறான். மழை மூட்டம் போட்டால் முழங்கால் குடைகிறது என்று முனகுவானாம்.

மணிக்கட்டு சரியாகக் கூடாததால் வலி வருசத்துக்கு வருசம் ஏறி வண்டி ஓட்ட முடியாமல் போனபோது அண்ணி அதை எனக்குக் கொடுத்துவிட்டாள். கேபிளை மாற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள். ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒரு கெட்டவனைக் கட்டி வைத்து வேலை வாங்குகிற திருப்தி அதில் இருந்தது.

பட்டறையில் புதுக் கேபிள் மாட்டியாகிவிட்டது. லிவரைப் பிடித்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி உள்ளே போனது, கைக்கு நம்பிக்கையே வரவில்லை. இன்னொன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும் என்று மெக்கானிக் நல்லதுக்குத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். பிறகு மேச்சேரிக்குப் போன் போட்டேன். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அறுந்துபோய்விட்டது என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை. தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"முழுசாப் போட்டறாத கண்ணு. நல்லாத்தான இருக்குதுன்னு எவனாச்சும் எடுத்துட்டுப் போயி ஊட்டு ஆணியில மாட்டிருவான். வெட்டிப் போடச் சொல்லு" என்றாள்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். குப்பைக்குப் போகிற சாமானை எதற்கு வெட்ட வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் பெரிய கட்டரை எடுத்து வந்தார். முதலில் அந்த மடிப்பில் வைத்து வெட்டினார். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, இதை வீச முடியுமா என்று நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். போதுங்களா என்றார். ஒரு துண்டு இன்னும் முழ நீளம் இருந்தது, அதன் நுனியில் ஈயக் குண்டும் இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் சின்னதா வெட்டுங்க" என்றேன்.